உங்களுக்குத் தெரியுமா? வாய்ப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் டார்ச் லைட்

வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். இதை நிரூபித்தது பக்கத்து மாநிலமான கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996இல் தொடங்கிய ஆய்வில், 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இடம்பெற்றார்கள். 7 ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற 6 ஊராட்சிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும். 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைவு!

பணியாளர் பார்ப்பது கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி. சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை: இவை எச்சரிக்கை. தொண்டையின் ஆழத்தை டார்ச் எட்டாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

30 வயது முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் சுற்றும் கால்களுக்கு, இந்தப் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையம் போவது ஒன்றும் தூரமில்லை. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையோ வெற்றிலையோடு புகையிலையோ போடும் அப்பாவையோ பாட்டியையோ தயவுசெய்து கூட்டிப்போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.