மலை வளைவிலிருந்து பந்தயத் தடத்துக்கு

கண்டியிலிருந்து தெல்தெனியவைத் தாண்டி மஹியங்கனை வீதியில் ஏறினால் ஹுன்னஸ்கிரிய வரும். இடப்பக்கம் திரும்பினால் லூலூவத்தை, மீமுரே, நக்கிள்ஸ் மலைத்தொடர். நேரே போனால் உடதும்பரை, அதற்கப்பால் ஹசலக்க பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவு. வீதியைச் சீரமைத்தபோது ஒரு வளைவு குறைந்துபோனது, பெயர் மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது. புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு இந்த வீதியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள வேறு இடம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஏறத்தாழ 20 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த தார் வீதியில் சாதாரண டயர் அங்கே தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர் அளவுதான். மழை ஈரத்தில் அது 35க்கு இறங்கும். எஞ்சினில் எத்தனை குதிரைவலு இருந்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்களின் கையகலத் துண்டுகள் மட்டுமே. அந்தப் பிடி எங்கே முடிகிறது என்று அறிய ஒருமுறையாவது அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும். ஹுன்னஸ்கிரியவில் தாண்டினால் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே பஸ், ஓரத்தில் பாடசாலைப் பிள்ளைகள். தவறு செய்து கற்றுக்கொள்ள அங்கே இடமே இல்லை.

பந்தயத் தடம் என்பது தவறு செய்வதற்கென்று ஒதுக்கிய நிலம். பழைய விமான ஓடுபாதைகள் பல நாடுகளில் பந்தயத் தடங்களானதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம். சென்னைக்கு அருகே ஒருகாலத்தில் பந்தயம் நடந்த சோழவரமும் அப்படித்தான். நம் களுத்துறை மாவட்டத்துக் கட்டுகுருந்தையும் அதே வகை. தட்டையான நிலம், அகன்ற தார், சுற்றிலும் வெளி. சறுக்கிப் போனால் கார் புல்லில் நிற்கும்.

தடம் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பாருங்கள்: தடத்துக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா? அம்புலன்ஸ் நிற்கிறதா? கொடி ஆட்கள் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறார்களா? இல்லையென்றால் கட்டிய காசை மறந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இனி ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பெயரில் ட்ராக் இருந்தாலும் அது பந்தயமாகாது. வெற்றி தோல்வி இல்லை, பரிசு இல்லை. காலையில் சாரதிகளுக்கு விளக்கக் கூட்டம் நடக்கும். பிறகு அனுபவத்துக்கு ஏற்பப் பிரித்து, குழுக் குழுவாகப் பதினைந்து இருபது நிமிடச் சுற்றுகளாகத் தடத்தில் விடுவார்கள். முந்துவதற்குக் குறித்த நேர்ப்பகுதிகள் மட்டுமே உண்டு. முன்னால் போகிறவர் கையால் வழிகாட்டிய பிறகுதான் முந்தலாம். கொடிகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, தடத்தோரம் கார்கள் நிற்கும் பிட்டுக்கு மெதுவாகத் திரும்புங்கள். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்புக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால் உடனே உள்ளே வாருங்கள். கட்டம் போட்ட கொடியோடு அந்தச் சுற்று முடிகிறது.

புதியவர்கள் பலர் காரைத் தயார்செய்வது என்றால் எஞ்சினையும் சைலன்சரையும் நினைக்கிறார்கள். கராஜ் பாஸிடம் முதலில் சொல்ல வேண்டியது பிரேக் ஒயிலை மாற்றும்படிதான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 155 பாகை அளவுக்குக் குறைந்துவிடும். தடத்தில் வளைவுக்கு வளைவு அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழோ நசுங்கும். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பதினெட்டு வளைவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வாகனங்களுக்கு நேர்வதும் இதே கதைதான். எங்கள் மலைப்பக்கச் சாரதிகளுக்கு இது புதிய பாடமாக இராது.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடியை இழந்திருக்கும். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில், உற்பத்தியாளர் சொன்ன அளவில் வைத்துத் தொடங்குங்கள். ஓடிச் சூடேறும்போது அது கூடும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அளந்து பாருங்கள். சக்கர நட்டுகளை டோர்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். காருக்குள் இருக்கும் தண்ணீர்ப் போத்தல், குடை, டேஷ்போர்ட்டில் ஒட்டிய சாமி சிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு போத்தல் உருண்டு பெடலுக்கு அடியில் போனால் போதும். ஹெல்மெட்டை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எல்லா ஏற்பாட்டாளர்களும் ஏற்பதில்லை. காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருதடவை வாசியுங்கள். தடத்தில் நேரும் சேதத்தைப் பெரும்பாலான பத்திரங்கள் விலக்கியே வைத்திருக்கும்.

ஓட்டும்போது முதல்நாள் வேலை ஒன்றுதான்: பிரேக் பிடிக்கக் கற்பது. 60இல் போகும் கார் நல்ல காய்ந்த தாரில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கும். 120இல் போனால் 80 மீற்றர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. கால் பிரேக்குக்குப் போகுமுன் கழியும் கணம் இதில் சேரவில்லை. அதனால் வேகத்தை நேர்ப்பகுதியிலேயே குறைத்து முடியுங்கள். பிறகு காரைத் திருப்புங்கள், வளைவு விரியும்போது மெல்ல எக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். டயரிடம் ஒரே நேரத்தில் நிற்கவும் திரும்பவும் கேட்டால் அது இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும். கண் எப்போதும் அடுத்த இடத்தில் இருக்கட்டும். பொனட்டைப் பார்க்கிறவர் எப்போதும் பிந்தியே திரும்புவார். அருகில் பயிற்றுநர் அமரும் வசதி இருந்தால் எவ்வளவு செலவானாலும் எடுங்கள், புதிய எக்ஸோஸ்டுக்குக் கொடுக்கும் காசைவிட அது பயன் தரும். லாப் நேரத்தைக் கணக்கெடுக்காதீர்கள். அந்த எண் தலைக்குள் ஏறினால் கால் பொய் சொல்லத் தொடங்கும்.

எங்கே போவது? இலங்கையில் கட்டுகுருந்தையும் பன்னலையும் பெரும்பாலும் போட்டிகளுக்காகத் திறக்கப்படுபவை. மோட்டார் விளையாட்டுக் கழகங்களோடு தொடர்பு வைத்திருந்தால்தான் பயிற்சி நாட்கள் தெரியவரும். பண்டாரகமையில் கார்ட் தடம் இருக்கிறது. என் எண்ணத்தில் அங்கேதான் தொடங்க வேண்டும். மைக்கல் ஷூமாக்கர், அயர்ட்டன் சென்னா எல்லாரும் கார்ட்டில் தொடங்கியவர்கள்தான். 1934இல் ஆரம்பித்த நுவரெலியா மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்க்கப் போங்கள், ஓட்டுவதற்கு அவசரம் வேண்டாம். இந்தியா போகக்கூடியவருக்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது, 3.7 கிலோமீற்றர் நீளம், 1990இல் திறந்தது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீற்றர், புதியவருக்குக் கொஞ்சம் அடக்கமானது. போர்முலா வன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் அந்த நகரத்துப் பிள்ளை.

ஒவ்வொரு சுற்றின் கடைசி லாப்பையும் பிரேக் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள், சூடு காற்றில் போகட்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். புறப்படுமுன் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், பிரேக் பேடின் தடிப்பையும் பாருங்கள். கட்டுகுருந்தையிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பும்போது கடுகண்ணாவை ஏற்றமும் கண்டி நெரிசலும் நடுவே இருக்கின்றன. அன்று முழுக்க உழைத்த பிரேக்தான் உங்களை அந்த வழியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.