கல்லில் எண், காகிதத்தில் பெயர்

எங்க பாட்டி ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு சின்னக் கல் பதிச்சிருக்கும். 1914-1919 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 14 பேர் போனார்கள், அதில் 2 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பெயர் கிடையாது. இந்தியாவில் பல கிராமங்களில் இப்படிக் கற்கள் உண்டு. அந்த 2 பேர் யாருன்னு தேடின கதைதான் இன்னிக்கு.

முதல்ல ஊர்ல விசாரிச்சேன். ஒரு வீட்டில், "எங்க தாத்தாவோட அண்ணன் சண்டைக்குப் போனவர், திரும்பலை" என்றார்கள். செம்புக்கு மூடியா வெச்சிருந்த ஒரு வெண்கல வட்டத்தை எடுத்துக் காட்டினாங்க. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஒரு பெண் உருவம், ஒரு சிங்கம், ஓரமா கட்டத்துக்குள்ள ஒரு பெயர். அந்தப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. பதவி எதுவும் போடாமல், பெயர் மட்டும் பொறித்திருப்பார்கள்.

அடுத்தது, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். தேடக் காசு கிடையாது. ஆனா தகட்டில் இருந்த எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒண்ணும் வரலை. அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினவங்க. அதனால பெயரை நாலைந்து விதமா மாத்திப் பாருங்க. மாவட்டத்துக்கும் பழைய பெயர்தான்: திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினோபொலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி'. கூடுதல் தகவல் பகுதியில் அப்பா பெயரும் ஊரும் இருந்தா, ஆளை உறுதி செஞ்சுக்கலாம். போர் 1918-இல் முடிஞ்சாலும், ஆணையத்தின் கணக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை போகும். அதையும் மறக்காதீங்க.

எங்களுக்கு அப்படித்தான் கிடைச்சது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, இறந்தது 1917, நினைவிடம் இராக்கின் பஸ்ரா. லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கு. சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் பெரும்பாலும் வராது. ஆனால் அவர் இறந்த நாளில் அவருடைய படை எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

பஸ்ரா நினைவிடத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் கல்லில் இருக்கு. இந்தியச் சிப்பாய்களுக்கு, படையின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, சுவருக்கு வரவில்லை. இந்தப் பாகுபாட்டை 2021-இல் ஆணையமே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அதாவது ஊர்க் கல்லிலும் அவர் ஒரு எண். பஸ்ராவிலும் ஒரு எண். அவர் பெயரைக் காப்பாத்தினது ஒரு பதிவேடும் ஒரு செம்பு மூடியும்தான். பதிவை அச்செடுத்துக் கொடுத்தப்ப அந்த வீட்டு அம்மா கேட்டாங்க: "தமிழ்ல எழுதித் தர்றியாப்பா?" எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது ஆள் யாருன்னு இன்னும் தெரியலை. அவருடைய தகடு எந்தப் பாத்திரக் கடையில் உருகிப் போச்சோ. உங்க வீட்டுப் பரணில் அப்படி ஒரு வட்டம் கிடந்தா, பழைய பித்தளையோட எடைக்குப் போடாதீங்க. பெயரை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.