குவானஹுவாத்தோ: ஆறு ஓடிய இடத்தில் பஸ் ஓடுது!

மெக்சிகோன்னதும் நமக்கு பிரமிடும் கடற்கரையும்தான் ஞாபகம் வரும். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நீங்க ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய ஊர் குவானஹுவாத்தோ. மெக்சிகோ சிட்டியிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர், 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

குறுகலான பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கச் சரிவிலும் மஞ்சளும் சிவப்பும் நீலமுமா வீடுகள். எல்லாரும் போட்டோ எடுப்பது இதைத்தான். நீங்க முதல்ல படியிறங்கி ஊருக்கு அடியில் போங்க. கல் வளைவுகளுக்குக் கீழே ஒரு தெரு. அதில் காரும் பஸ்ஸும் போகும், பஸ் ஸ்டாப் கூட உண்டு. ஒரு காலத்தில் அது ஆறு! மழைக்காலத்தில் அடிக்கடி பொங்கி ஊரை மூழ்கடிச்ச ஆறு. 1905 வெள்ளத்தில் பலர் இறந்தாங்க. அதுக்கப்புறம் பொறியாளர் போன்சியானோ அகிலார் தலைமையில் குவாஹின் சுரங்கம் வெட்டி, தண்ணீரை வேறு வழியில் திருப்பினாங்க. 1908-ல் அது திறக்கப்பட்டது. வற்றிப்போன ஆற்றுப்படுகை 1960-களில் சாலையாச்சு. மலையைக் குடையத் தெரிஞ்ச ஊருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமே இல்லை, ஏன்னா இது வெள்ளிச் சுரங்கங்களால் உருவான ஊர்.

அடுத்து, வடக்கே மலைமேல் இருக்கும் வலென்சியானாவுக்குப் போங்க. அங்கே 1788-ல் கட்டி முடிச்ச சான் கயெதானோ தேவாலயத்துக்குள் பீடங்கள் எல்லாம் தங்க முலாமில் ஜொலிக்கும். அது சுரங்க முதலாளியின் பணம். பக்கத்திலேயே பழைய சுரங்க வாயில் ஒண்ணில் இறங்கிப் பார்க்கலாம். 1803-ல் இங்கே வந்த அறிஞர் ஹம்போல்ட், தொழிலாளிகள் நூறு கிலோவுக்கும் அதிகமான தாதுவை முதுகில் சுமந்து படியேறியதை எழுதி வெச்சிருக்கார். பத்துப் படி ஏறினதும் உங்களுக்கு மூச்சு வாங்கும்போது அதை நினைச்சுப் பாருங்க.

வலென்சியானாவைத் தாண்டி, சாந்தா ரோசா மலையின் ஓக் காடுகள் வழியா போனா தொலோரெஸ் இதால்கோ. 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் பாதிரியார் மிகேல் இதால்கோ மணியடிச்சு மக்களைத் திரட்டி, சுதந்திரப் போரைத் தொடங்கின ஊர் இது. அங்கே ஐஸ்கிரீம் ரொம்ப பிரபலம், சாப்பிடாம வராதீங்க.

பன்னிரண்டு நாளில் அந்தப் படை குவானஹுவாத்தோவின் தானியக் கிடங்கான அலோந்திகாவைப் பிடிச்சது. முதுகில் கல் பலகையைக் கட்டிக்கிட்டு, குண்டு மழைக்கு நடுவில் போய்க் கதவுக்குத் தீ வெச்சவன் பிபிலா என்ற சுரங்கத் தொழிலாளின்னு கதை சொல்வாங்க. பாரம் சுமந்து பழகின முதுகு அது! அடுத்த வருஷம் இதால்கோ உட்பட நாலு தலைவர்களின் தலைகளை ஸ்பானியர்கள் அதே கட்டிடத்தின் நாலு மூலையிலும் தொங்கவிட்டாங்க. இப்போ அது மியூசியம்.

மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நல்ல ஷூ போட்டுக்கோங்க, ஊர் பூரா ஏற்ற இறக்கம்தான். சுரங்கத் தெருக்களில் ஜிபிஎஸ்ஸை நம்பாதீங்க. சாயங்காலம் கேபிள் ரயிலில் பிபிலா சிலைக்கு ஏறுங்க. மொத்த ஊரும் கீழே தெரியும். தேவாலயம் கட்டின முதலாளிக்கு இல்லாத இடம், கல் சுமந்தவனுக்குக் கிடைச்சிருக்கு.