ஆன்லைன் வாத்தியாருக்கு என்ன வேலை?

"வீடியோவை ஒருமுறை எடுத்து வெச்சுட்டா போதுமே, அப்புறம் வாத்தியாருக்கு என்ன வேலை?" ஆன்லைன் கல்லூரிப் படிப்பு பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். ரிலீஸ் ஆனதும் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சப்போர்ட் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.

ஒரு நிஜக் கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுநிலைப் படிப்பை 2014 ஜனவரியில் முழுக்க ஆன்லைனில் தொடங்கியது. அதில் பேராசிரியர் அசோக் கோயல் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒரு செமஸ்டருக்குச் சுமார் 300 மாணவர்கள். விவாதப் பக்கத்தில் அவர்கள் எழுதியது சுமார் 10,000 பதிவுகள். செமஸ்டர் 16 வாரம் என்று வைத்து வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 90 பதிவு வருகிறது. ஒன்றைப் படித்துப் பதில் எழுத ஐந்து நிமிஷம் என்றாலும் ஏழரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து! அசைன்மெண்ட் திருத்துவது இதில் சேரவில்லை.

ஏன் இவ்வளவு? வகுப்பறையில் ஒருத்தர் சந்தேகம் கேட்டால் பதில் அறுபது பேர் காதிலும் விழுந்துவிடும். முகங்களைப் பார்த்தே "புரியலையா, மறுபடி சொல்றேன்" என்று வாத்தியார் சொல்லலாம். ஆன்லைனில் படிப்பவர் வேலை முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ பார்க்கிறார். எங்கே விழித்தார் என்பது அவராக எழுதினால்தான் தெரியும்.

இந்தச் சுமையைக் குறைக்க 2016இல் கோயல் குழு, ஐபிஎம் வாட்சனைக் கொண்டு 'ஜில் வாட்சன்' என்ற உதவி ஆசிரியரை உருவாக்கியது. பழைய பதிவுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். விடை சரி என்ற உறுதி 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது பதில் சொல்லும். கடைசித் தேதி எப்போது, எந்த ஃபார்மேட்டில் அனுப்புவது மாதிரியான கேள்விகளை அது பார்த்துக்கொண்டது. "நான் செஞ்சது ஏன் தப்பு?" என்பது வேறு வகை. அதற்கு மாணவர் எந்த வழியில் யோசித்தார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும், கிட்டத்தட்ட டீபக் பண்ணுவது போல. அந்த வேலை மனிதர்களிடமே இருந்தது.

இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. எதுவுமே எழுதாத மாணவரைக் கண்டுபிடிப்பது. இரண்டு வாரமாக யார் எதையும் சமர்ப்பிக்கவில்லை என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக "என்னாச்சு?" என்று எழுத வேண்டும். வீடியோ மணிக்கணக்கை மட்டும் வேலையாகக் கணக்கிடும் கல்லூரியில் இந்த நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏறாத வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதனால் முதலில் கழன்றுபோவது இந்த மாணவர்தான்.

அடுத்த முறை ஆன்லைன் கோர்ஸில் பணம் கட்டும்முன் எத்தனை மணி நேர வீடியோ என்று கேட்பதோடு விடாதீர்கள். பதில் எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள்.