விற்பவர் சிங்கப்பூரில், வரிப் பொறுப்பு தில்லைநகரில்

வருமானவரிக் கணக்குத் தாக்கலுக்கு ஜூலை 31 கெடு நெருங்குகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: வெளிநாட்டில் இருந்துகொண்டு ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ வீடு வாங்கலாமா? வாங்கலாம். இந்தியக் குடியுரிமை உள்ளவரும் ஓ.சி.ஐ. அட்டைதாரரும் வீடோ மனையோ கடையோ வாங்க ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விதிகள் தாராளமானவை என்று அரசும் அடுக்குமாடி விளம்பரங்களும் சொல்வது இந்த அளவுக்கு மட்டுமே உண்மை. சிக்கல் விற்கும்போது வருகிறது. வாங்கப்போகிறவர் அதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். நாளை விற்கப்போவது அவர்தான். இன்று அவருக்கு விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2012-13இல் 45 லட்ச ரூபாய்க்கு வாங்கிய தில்லைநகர் ஃபிளாட், 2025-26இல் 90 லட்சத்துக்கு விலைபோகிறது. விற்பவர் உள்ளூர்க்காரர் என்றால், வாங்குபவர் விலையில் 1 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 12.5 சதவீதம், மேல்வரியும் செஸ்ஸும் தனி. லாபத்தில் 12.5 சதவீதமா, முழு விலையிலா? வரிக்கு உட்பட்ட தொகையில் மட்டும் பிடித்தால் போதும் என்பதே சட்டத்தின் கருத்து. 2010இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் விற்பவரின் லாபத்தை வாங்குபவரே கணக்கிட்டு, அது பிசகிவிட்டால், குறைந்த தொகையை அவர் கைக்காசிலிருந்து மாதம் 1 சதவீத வட்டியோடு கட்ட நேரிடும். அதற்கு அஞ்சித்தான் ஆடிட்டர்கள் முழு விலைக்கும் பிடிக்கச் சொல்கிறார்கள். விளைவு: 45 லட்ச லாபத்துக்கு உரிய வரி 5,62,500 ரூபாய், பிடிபடுவது 11,25,000.

விற்பவர் எங்கே வசிப்பவர் என்பதைப் பான் அட்டை காட்டாது, பாஸ்போர்ட்டின் நிறமும் காட்டாது. அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதே பெரும்பாலும் கணக்கு. 182 நாள் என்பது முக்கிய எல்லை. திருச்சியில் சொந்த வீட்டுக்காகக் கடன் வாங்கி அலையும் ஒருவர் இன்னொருவரின் விசா முத்திரைகளை எண்ண வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: விற்பவர் பணத்தோடு விமானம் ஏறிவிட்டால் வரியை யாரிடம் வசூலிப்பது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு வரிக்கு ஈடான தொகையை நிறுத்திவைத்தால் போதாதா, அதைப்போல் இரு மடங்கு எதற்கு? அதிகம் பிடித்தது ரீஃபண்டாகத் திரும்ப வரும் என்கிறார்கள். வரும், மாதம் அரை சதவீத வட்டியோடு. மக்கள் தாமதித்தால் ஒன்று, அரசு வைத்திருந்தால் அரை.

இதைவிட வருத்தம் தருவது வரியிலேயே காட்டப்படும் பேதம். 2024 ஜூலை பட்ஜெட், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் முறையை நீக்கி, வரியை 20இலிருந்து 12.5 சதவீதமாக்கியது. எளிமைப்படுத்துகிறோம் என்றது அரசு. எதிர்ப்பு எழுந்ததும் ஆகஸ்டில் இறங்கிவந்து, ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீடுகளுக்குப் பழைய முறையில் வரி குறைவென்றால் அதையே கட்டலாம் என்றது. ஆனால் இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே. மேலே சொன்ன ஃபிளாட் தில்லைநகரில் இருக்கும் அண்ணனுக்கும் சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். பணவீக்கக் குறியீடு 200இலிருந்து 376 ஆகியிருப்பதால் 45 லட்சம் 84.6 லட்சமாகிறது, அண்ணன் பங்குக்கு வரி 54,000 ரூபாய். தங்கைக்கு 2,81,250. ஒரே சுவர், ஒரே பத்திரம், ஒரே விலைவாசி. வரி ஏய்ப்பைத் தடுக்க டி.டி.எஸ். கூடுதலாகப் பிடிக்கிறோம் என்ற வாதம் இங்கே எடுபடாது. இது வசூலிக்கும் வழி பற்றியதல்ல, வரியே வேறு.

டி.டி.எஸ். சுமைக்கு ஒரு மாற்று உண்டு. விற்பவர் வருமானவரித் துறையிடம் ஆன்லைனில் விண்ணப்பித்து, லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று சான்றிதழ் வாங்கலாம். கிரையத் தேதியை நிச்சயித்துவிட்டு அதைத் தேடிப்போகாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே டி.டி.எஸ். பிடித்தாக வேண்டும், ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வாங்குபவர் இதை நிபந்தனையாகவே வைக்கலாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஸ்ரீரங்கம் தீவில் வாழைத் தோட்டம் வாங்கலாமா? கூடாது, விவசாய நிலம் பெற்றோர் வழி வாரிசுரிமையாக வரலாம், விலைக்கு வாங்க முடியாது.

கோயிலைச் சுற்றிய வீதிகளில்? கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்றால், அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் மண்ணை எழுதிக்கொடுத்த கிரையம் செல்லாது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் காலவரம்பு காப்பாற்றாது.

இலங்கைக் குடிமக்கள்? ஓ.சி.ஐ. இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் வேண்டாம்.

விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக? என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை.

வெளிநாட்டில் எழுதிய பவர்? இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

ஜூலை 31 தவறினால்? டிசம்பர் 31 வரை அபராதத்தோடு தாக்கல் செய்யலாம். ஆனால் ரீஃபண்ட் வட்டி ஏப்ரலிலிருந்து அல்ல, தாக்கல் செய்த நாளிலிருந்துதான் ஓடும்.