ஆஸ்தியின் இனிப்பு ஒயின்

ஒயின் என்றாலே புளிப்பும் துவர்ப்பும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. இத்தாலியின் வடமேற்கே, பீட்மாண்ட் மாநிலத்துக் குன்றுகளில் தயாராகும் ஒரு வெள்ளை ஒயின் அந்த எண்ணத்தை மாற்றிவிடும். அது இனிக்கும், லேசாக நுரைக்கும், திராட்சைப் பழத்தின் வாசனை அப்படியே இருக்கும். அதன் பெயர் 'மொஸ்காட்டோ தாஸ்தி'. ஆஸ்தி நகரத்து மொஸ்காட்டோ திராட்சை ஒயின் என்று பொருள்.

தமிழில் ஆஸ்தி என்றால் சொத்து. ஆனால் அந்தத் திராட்சையைப் பயிரிட்டவர்களில் பலருக்கு நெடுங்காலம் அது பெரிய சொத்து எதையும் சேர்த்துத் தரவில்லை.

பாதியில் நிறுத்தும் வித்தை

கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பனஞ்சாறு பதநீர்; தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இந்த ஒயினிலும் புளிப்பை நிறுத்துவதில்தான் சூட்சுமம். அங்கே சுண்ணாம்பு செய்யும் வேலையை இங்கே குளிர் செய்கிறது.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. மற்ற ஒயின்களில் பெரும்பாலும் சர்க்கரை தீரும்வரை விட்டுவிடுவார்கள். ஆல்கஹால் 12, 13 சதவீதம் வரை ஏறும். இங்கே 5 சதவீதம் எட்டியதுமே தொட்டியைக் குளிரவைத்து, ஈஸ்ட்டை வடிகட்டி விடுகிறார்கள். லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் பழச் சர்க்கரை மிஞ்சுகிறது. மூடிய தொட்டி என்பதால் வாயுவும் உள்ளேயே கரைந்து நிற்கிறது. அதுதான் நுரை.

இதன் அண்ணன் 'ஆஸ்தி' என்ற ஒயின். அதில் நுரையும் அதிகம், ஆல்கஹாலும் சற்று அதிகம். தக்கை பறந்துவிடாமல் கம்பி கட்டியிருக்கும்.

வெடித்த புட்டிகள்

பிரான்சில் ஷாம்பேன் தொழிலைக் கற்று வந்த கார்லோ கான்சியா, 1865-ல் கனெல்லி என்ற ஊரில் இத்தாலியின் முதல் நுரை ஒயினைத் தயாரித்தார். புட்டிக்குள்ளேயே புளிக்கவைத்ததால் புட்டிகள் வெடிப்பது தீராத தலைவலி. 1895-ல் ஆஸ்தியைச் சேர்ந்த பெதெரிக்கோ மார்ட்டினோட்டி, பெரிய மூடிய தொட்டியில் புளிக்கவைக்கும் முறைக்கு வழி கண்டார். கனெல்லியின் நிலத்தடிக் கிடங்குகளும் சுற்றியுள்ள திராட்சைக் குன்றுகளும் 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றன.

எதனுடன் சாப்பிடுவது?

இதற்கு ஒரு எளிய விதி உண்டு: பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளிக்கும். பீட்மாண்ட்டில் ஹேசல்நட் பருப்புக் கேக், பீச் பழம் ஆகியவற்றுடன் பரிமாறுகிறார்கள். முட்டை மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் இந்த ஒயினுடன் சூட்டில் அடித்து 'ஸபாயோனே' என்ற குழைவான பண்டமும் செய்வார்கள். கிறிஸ்துமஸில் மிலான் நகரத்து 'பனத்தோனே' ரொட்டிக்கு இதுவே துணை. உப்பும் காரமும் உள்ள பாலாடைக்கட்டியுடனும் ஒத்துப்போகும். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும். இதில் அது குறைவு, இனிப்பும் உண்டு. எனவே காரமான சாப்பாட்டுக்கும் பொருந்தும்.

நன்றாகக் குளிரவைத்து, புதிதாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். வருஷக் கணக்கில் பத்திரப்படுத்தினால் வாசனை போய்விடும். நீரிழிவுக்காரர்கள் இதன் சர்க்கரையை மறந்துவிடக் கூடாது.

குன்றை விட்டுப் போனவர்கள்

செங்குத்தான சரிவுகளில் யந்திரம் ஏறாது. அங்கே இன்றும் குலை குலையாகக் கையால்தான் பறிக்கவேண்டும். பழம் விளைவிப்பவர்களில் பலர் சொந்தமாக ஒயின் தயாரிப்பதில்லை. பெரிய கம்பெனிகளுக்குப் பழத்தை விற்கிறார்கள். விலைப் பேச்சுவார்த்தையில்தான் அவர்களுடைய வருஷப் பிழைப்பு இருக்கிறது.

1950, 60-களில் இந்தக் குன்றுகளின் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக டூரின் நகரத்து பியட் தொழிற்சாலைக்குப் போனார்கள். மும்பையில் ஒரு காலத்தில் டாக்சியாக ஓடிய பியட் காரின் தாய்வீடு அதுதான். மாதச் சம்பளம் நிச்சயம். ஆலங்கட்டி மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஊரில் வயதானவர்கள் மிஞ்சினார்கள்.

இப்போது செப்டம்பர் அறுவடைக்கு வடக்கு மாசிடோனியா போன்ற நாடுகளிலிருந்து கூலியாட்கள் வருகிறார்கள். சிலர் கனெல்லியிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் டூரினுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சரிவுகளில் பிழைக்க வந்தவர்கள் பழம் பறிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் நுரைக்கும் ஒவ்வொரு கோப்பையிலும் அந்தக் கைகளின் உழைப்பு இருக்கிறது.