கோபல்ல கிராமத்தில் பின்வருநிலை

அணியிலக்கணத்தைச் செய்யுளின் அளவிலேயே கண்டு அமைந்துவிடுதல் நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. நான்கடிக்குள் ஒரு சொல் மீண்டும் வருமாயின் அதற்குப் பெயரிட்டு மகிழ்கிறோம். ஒரு புதினம் முழுவதும் ஒரு பொருள் மீண்டும் மீண்டும் வருமாயின் அதனைக் கவனியாது கடந்துவிடுகிறோம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) இக்குறைக்குப் பெரிதும் ஆளான நூலாகும். அதனைக் கரிசல் வழக்குச் சொற்களின் களஞ்சியம் என்றும், நாட்டார் கதைகளின் தொகுதி என்றும் போற்றுவோர் பலர். அது கதைக்கோவையேயன்றிக் கட்டுக்கோப்புடைய புதினம் அன்று என்னும் எண்ணமும் அப்போற்றுதலினுள்ளேயே மறைந்து கிடக்கிறது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் நிறுவக் கருதுவது.

தண்டியலங்காரம் பின்வருநிலையணியை மூவகைப்படுத்தும். சொல் ஒன்றாய்ப் பொருள் வேறுபட்டு மீள்வது ஒன்று. பொருள் ஒன்றாய்ச் சொல் வேறுபட்டு மீள்வது மற்றொன்று. இரண்டும் மாறாது மீள்வது பிறிதொன்று. செய்யுளுக்கு வகுத்ததைப் புதினத்துக்கு ஏற்றுதல் வலிந்து கோடல் அன்றோ எனின், அன்று. மீண்டு வருதலால் பொருள் எவ்வாறு வளர்கிறது என்பதே அவ்வணியின் அடிப்படை. உரைநடையில் அவ்வளர்ச்சிக்கு இடம் மிகுதியும் உண்டு.

முதலில் நீரைக் காண்போம். கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் ஆசிரியரது ஊர். எம் மாணாக்கருள் சிலர் அதே கரிசல் நிலத்தைச் சார்ந்த புதூர்ப் பகுதியினர். கோடையில் நிலம் பிளந்து கிடப்பதையும், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாயும் ஊருணியும் வறண்டு போவதையும் கண்டு வளர்ந்த அவர்களுக்கு நீர் என்பது வெறும் உவமைப்பொருள் அன்று. இப்புதினத்தின் தொடக்கத்தில், தனியே வழிநடந்து வந்த பெண்ணொருத்தி தாகம் தணிக்க நீர்நிலையில் இறங்குகிறாள். அவள் அணிந்த நகைக்காகக் கள்வன் ஒருவன் அவளை அந்நீரிலேயே அமிழ்த்திக் கொல்கிறான். இறக்கும் பொழுதும் அவள் பற்கள் அவன் கால்விரலைக் கவ்வியபடியே உள்ளன. அதனால் அவன் அகப்படுகிறான். உயிர் காக்கும் நீர் இங்கே உயிர் கவர்கிறது.

அதன் பின்னரே நூறாண்டைக் கடந்த மூதாட்டி மங்கத்தாயாருவின் நினைவு வழியாக, அவ்வூரார் தெலுங்கு நாட்டிலிருந்து புறப்பட்டு வந்த கதை விரிகிறது. சென்னாதேவி என்னும் பெண்ணின் அழகை விரும்பிய அரசனுக்கு அஞ்சி அவர்கள் ஓடுகின்றனர். பின்னே துரத்துவோர், முன்னே ஆறு. மரமொன்று வளைந்து கொடுக்க, அவர்கள் அக்கரை சேர்கின்றனர். முன்பு கொன்ற நீர் இங்கே அரணாகிறது.

நிகழ்ந்த முறையை நோக்கின் ஆறு முந்தியது. நீர்நிலைக் கொலை பிந்தியது. ஆசிரியரோ கொலையை முன்வைத்து ஆற்றைப் பின்வைக்கிறார். இம்முறைமாற்றத்தைக் கதைசொல்லியின் விருப்பம் என்று விட்டுவிடுதல் கூடாது. கொலையைக் கண்ட பின் ஆற்றங்கரைக்கு வரும் வாசகன் அந்நீரை அச்சத்தோடே நோக்குகிறான். மரம் வளையும் இடத்தில் அவன் பெறும் ஆறுதல் அவ்வச்சத்திலிருந்தே பிறக்கிறது. வரிசையை மாற்றிப் படித்துப் பார்த்தால், மரம் வளைந்த செய்தி வெறும் தொன்மக் கதையாகச் சுருங்கிவிடுவதை உணரலாம்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே பொருட்பின்வருநிலையும் உண்டு. ஒருவன் பெண்ணின் அழகை விரும்பித் துரத்துகிறான். மற்றொருவன் பெண்ணின் நகையை விரும்பித் தொடர்கிறான். முன்னவன் அரசன், அவனைத் தண்டிப்பார் இல்லை, பெண்ணைச் சார்ந்தோரே ஊரைத் துறக்க நேர்ந்தது. பின்னவன் கள்வன், கோபல்லத்தார் அவனைக் கழுவேற்றுகின்றனர். முறையற்ற அரசுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களின் வழியினர், தம் ஊரில் தாமே முறை செய்யும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். அம்முறையின் கடுமை நம்மை உறுத்துகிறது. உறுத்த வேண்டும் என்பதே ஆசிரியர் கருத்தும் போலும். இரண்டையும் இணைத்து ஆசிரியர் ஒரு சொல்லும் விளக்கமாக உரைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தீயும் இவ்வாறே மீள்கிறது. காட்டை எரித்தே குடியேறியோர் கழனி காண்கின்றனர். பின்னர் கொள்ளையரின் தீவட்டியாக அது ஊரை நோக்கி வருகிறது. எனினும் நீரின் மீள்வரவிற் காணும் நுட்பம் இதில் இல்லை என்றே யாம் எண்ணுகிறோம்.

நூலின் பெயரிலும் ஒரு மீள்வரவு உண்டு. தெலுங்கில் ‘பல்லெ’ என்பது சிற்றூரைக் குறிக்கும். கோபல்லம் என்பதில் அச்சொல்லே உள்ளது எனக் கொள்ளின், ‘கோபல்ல கிராமம்’ ஊர் என்னும் பொருளை இருமுறை கூறுகிறது: ஒருமுறை விட்டுவந்த மொழியில், ஒருமுறை வந்தடைந்த மண்ணின் வழக்கில். கூறியது கூறல் என இதனைத் தள்ளுதல் எளிது. ஆனால் வந்தேறிய மக்கள் பழம்பெயரையும் விடாது, புதுச்சொல்லையும் ஏற்று வாழ்ந்த வரலாறு அவ்விரட்டிப்பில் அடங்கியிருக்கிறது. தமிழகமெங்கும் புதூர் என்னும் பெயர் பல ஊர்களுக்கு வழங்குவதையும் இங்கு நினைக்கலாம். புதிது என்று ஓர் ஊரைச் சொல்லுங்கால், பழையதோர் ஊர் சொல்லாமலே நினைவுக்கு வருகிறதன்றோ!

விக்டோரியா அரசியின் 1858ஆம் ஆண்டுப் பிரகடனச் செய்தியோடு புதினம் நிறைவெய்துகிறது. அரசனிடமிருந்து தப்பி வந்தோரின் ஊரில் மீண்டும் அரசின் பெயர் ஒலிக்கிறது. சென்னாதேவியின் கதையைக் கேட்டிருந்த வாசகன் இதனைப் புதிய செய்தியாகக் கேட்பதில்லை. இதன் தொடர்ச்சியாக எழுந்து, 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் நூலில் ‘கிராமம்’ மறைந்து ‘புரம்’ தோன்றுகிறது. ‘மக்கள்’ என்னும் சொல் புதிதாய்ச் சேர்கிறது. அந்நூலின் மீள்வரவுகளைத் தனியே ஆராய்தல் வேண்டும்.